ரிச்சி தெரு கிம்பல் கிட்: மோட்டார் தேறும், ரப்பரை மாற்றிவிடுங்கள்

450 மில்லிமீட்டர் ஃபிரேமில் டிரோன் கட்டிப் பறக்கவிட்டவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, ஆடாத வீடியோ. அதற்குத் தேவை கிம்பல், அதாவது டிரோன் சாய்ந்தாலும் கேமராவை நேராகப் பிடிக்கிற மோட்டார் வைத்த தாங்கி. சென்னை ரிச்சி தெருவில் அதை விசாரித்தால் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே வகைச் சரக்குதான்: அலுமினியத் தகடுகள், இரண்டு 2208 பிரஷ்லெஸ் மோட்டார், ஒரு கன்ட்ரோலர் போர்டு, கேமராத் தட்டில் ஒட்ட ஒரு குட்டி சென்சார், நாலு ரப்பர் உருண்டை, ஒரு பாக்கெட் ஸ்க்ரூ. பெட்டியில் பெயர் இருக்காது, உள்ளே விளக்கத் தாளும் இருக்காது. பழைய கோப்ரோ அளவுக் கேமரா வைத்திருப்பவர்கள் இந்தக் கிட்டைத் தாராளமாக வாங்கலாம். தகடும் மோட்டாரும் நன்றாகவே இருக்கின்றன. ரப்பரை மட்டும் நம்பக்கூடாது. போர்டுக்கு உழைப்பு கொடுக்க வேண்டும்.

கடையிலேயே இரண்டு விஷயம் பாருங்கள். மோட்டாரை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். காந்தம் இழுக்கிற சின்னச் சின்னத் தடுப்பு இருக்கும், அது இயல்பு. மணல் அரைபடுவது போல உணர்ந்தால் பேரிங் போயிருக்கிறது, வேறு கேளுங்கள். பிறகு மல்டிமீட்டரை ஓமில் வைத்து, மூன்று ஒயரையும் இரண்டிரண்டாகப் பிடித்து அளக்க வேண்டும். எத்தனை ஓம் என்பது உள்ளே இருக்கும் தாமிரச் சுற்றைப் பொறுத்து மாறும். மூன்று அளவும் சமமாக இருப்பதுதான் கணக்கு. ஒன்று மட்டும் குறைந்தால் உள்ளே ஷார்ட்.

அந்த ஷார்ட் பல சமயம் வாங்கியவர் கையாலேயே நடக்கிறது. கிட்டோடு வரும் பாக்கெட்டில் நீளம் வேறுபட்ட ஸ்க்ரூக்கள் கலந்து கிடக்கும். மோட்டாரின் அடியில் தகட்டைப் பிடிக்கிற இடத்தில் நீளமான ஸ்க்ரூவைப் போட்டால், நுனி நேராகத் தாமிரச் சுற்றில் போய்க் குத்தும். கம்பியின் மேல்பூச்சான எனாமல் கிழிந்து மோட்டார் அங்கேயே முடிந்துவிடும். ஸ்க்ரூவைத் தகட்டில் நுழைத்து மறுபக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் அடித்தட்டின் கனத்தைத் தாண்டி நீட்டக்கூடாது. நீட்டினால் வாஷர் போடலாம், அல்லது பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் சரியான நீளம் வாங்கலாம். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீலத் திரெட்லாக்கர் பசை ஒரு சொட்டு விடுங்கள். டிரோனின் பிளாஸ்டிக் கைகளில் அது பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

இனி பேலன்ஸ். இந்தக் கிட்டைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான். பேட்டரியை இணைக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. கேமராவில் பேட்டரி, மெமரி கார்டு, ஃபில்டர் என்று பறக்கும்போது என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருக்க வேண்டும். லென்ஸை நேராக வைத்துக் கையை எடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். 45 டிகிரி கீழே சாய்த்து விடுங்கள். நிற்க வேண்டும். முழுக்கத் தரையைப் பார்க்க வைத்து விடுங்கள். அப்போதும் நிற்க வேண்டும். நேராக நின்று, தரையைப் பார்க்க வைத்தால் மட்டும் திரும்பி வருகிறது என்றால், முன்பின் எடை சரி, மேல்கீழ் எடை சரியில்லை என்று பொருள். தட்டில் இருக்கிற நீள்துளையில் கேமராவை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யலாம். துளை போதாவிட்டால் ஒரு ரூபாய் நாணயத்தை டபுள் சைடு டேப்பில் ஒட்டுங்கள். 2011-இல் வந்த வகை 3.79 கிராம், எடைக்கல் மாதிரி கச்சிதமாக உதவும். அடுத்து பக்கவாட்டு அச்சு, அங்கேயும் இதே சோதனை.

சென்சாரிலிருந்து போர்டுக்கு வரும் ஒயர் விறைப்பாக இருந்தால் அதுவே ஒரு ஸ்பிரிங். எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் கேமராவை ஒரு பக்கமாக இழுக்கும். கிட்டில் வருகிற ஒயர் அப்படிப்பட்டதுதான். மெல்லிய சிலிகான் ஒயராக மாற்றி, அச்சுக்குப் பக்கத்தில் தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள். அந்த ஒயர் மோட்டார் ஒயர்களோடு சேர்ந்து ஓடவும் கூடாது. சேர்ந்து ஓடினால் சென்சார் தகவல் கெட்டு, செட்டிங் மென்பொருள் காட்டும் ஐ2சி (சென்சாரும் போர்டும் பேசும் தடம்) பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போகும். கிம்பல் பறக்கும்போது திடீரென்று உதறுவதற்கு முதல் சந்தேகம் இங்கேதான். மோட்டார் ஒயர் மூன்றையும் பின்னல் போல முறுக்கி, மின் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் இரண்டு சுற்று விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ரப்பருக்கு வருவோம். மோட்டாரும் சென்சாரும் சாய்வைத்தான் சரிசெய்யும், அதிர்வை அல்ல. அதிர்வைத் தடுக்கிறது இந்த நாலு உருண்டைதான். 10 அங்குல புரொப்பல்லர் போட்ட 450 டிரோன் அந்தரத்தில் நிற்கும்போது மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 சுற்று சுற்றும். நொடிக்கு 83, அதாவது 83 ஹெர்ட்ஸ். ரப்பரின் சொந்த அதிர்வெண் இதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால்தான் அதிர்வு கேமராவுக்குப் போகாது. இதை வீட்டிலேயே அளக்கலாம். கேமராவோடு கிம்பலை மாட்டாமல், உருண்டைகள் இணைக்கிற மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் உள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்து, மாட்டிவிட்டு மறுபடி அளங்கள். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியதோ அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 1 மி.மீ. இறங்கினால் 16 ஹெர்ட்ஸ். அப்போது 83 ஹெர்ட்ஸ் அதிர்வில் நூற்றில் நாலு பங்குதான் கேமராவைத் தொடும். கால் மி.மீ. மட்டும் இறங்கினால் 32 ஹெர்ட்ஸ், நூற்றில் 17 பங்கு ஏறிவிடும். அசைவில் ரப்பர் இன்னும் கொஞ்சம் விறைக்கும் என்பதால் உண்மை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும், ஆனாலும் எது தேறும் எது தேறாது என்று பிரித்துக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

கிட்டில் வருகிற உருண்டைகள் கனமான கேமராவுக்குச் செய்தவை போல விறைப்பு. 80 கிராம் கேமராவை மாட்டினால் இறக்கம் கண்ணுக்கே தெரியாது. மென்மையான சிலிகான் உருண்டை தனியாகக் கிடைக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், விரலால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். மென்மையானது கழன்று விழும் வாய்ப்பு அதிகம். அதனால் எதிரெதிர் மூலை இரண்டிலும் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் சேர்த்து நைலான் கயிற்றால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் அதிர்வு கயிற்று வழியே இறங்கிவிடும்.

போர்டு சிம்பிள்பிஜிசி என்ற பிரபலமான கிம்பல் கன்ட்ரோலரின் நகல் என்றால் ஒரு எச்சரிக்கை: மென்பொருள் புதுப்பிக்கச் சொன்னால் செய்யாதீர்கள். நகல் போர்டில் பெரும்பாலும் பழைய 2.2 பதிப்புதான் இருக்கும். அதிகாரபூர்வப் புதிய பதிப்பை ஏற்ற முயன்றால் போர்டு செயலிழக்கலாம். அந்தப் பழைய பதிப்புக்குரிய கணினி மென்பொருளையே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முனை மாறிக் கொடுத்தாலும் போர்டு பிழைக்காது, சோல்டர் வைக்கும் முன் கூட்டல் (+), கழித்தல் (-) முனைகளை இரண்டு முறை பாருங்கள்.

டியூனிங்கை கையில் பிடித்துச் செய்தால் பலன் இல்லை. டிரோனில், ரப்பரில் தொங்கும் நிலையில் செய்ய வேண்டும். மோட்டாரின் போல் (காந்த முனை) எண்ணிக்கை 14 என்று கொடுங்கள், தானாகக் கண்டுபிடிக்கிற வசதி சில நேரம் வேறு எண் காட்டும். முதலில் பவர்: குறைந்தால் கேமராவைத் தட்டியதும் மோட்டார் படி தவறிக் குதிக்கும், கூடினால் சுடும். பத்து நிமிடம் ஓடவிட்டு விரல் வையுங்கள், வைத்திருக்க முடியாவிட்டால் குறையுங்கள். அடுத்து, திருத்தம் எவ்வளவு வலுவாக நடக்க வேண்டும் என்று முடிவு செய்கிற பி, ஐ, டி என்ற மூன்று மதிப்புகள். ஐ மதிப்பை ஏறக்குறைய பூச்சியத்தில் வைத்துக்கொண்டு பி-யை ஏற்றுங்கள். கேமரா விர்ரென்று நடுங்க ஆரம்பித்ததும் டி-யைக் கூட்டி அடக்குங்கள், மறுபடி பி. டி-யைக் கூட்டக் கூட்டக் கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால் எல்லை வந்துவிட்டது, இரண்டு படி இறங்கிவிடுங்கள். கடைசியாகத்தான் ஐ. ஃபிரேமைச் சாய்த்ததும் கேமரா பழைய நிலைக்குச் சோம்பலாக வந்தால் ஐ போதவில்லை.

சென்னைக்கென்று ஒரு சங்கதி உண்டு. சென்சாருக்குள் சுழற்சியை அளக்கும் கைரோவின் அளவு சூட்டுக்கு ஏற்ப நகரும். ஏசி அறையில் அளவுத்திருத்தம் செய்துவிட்டுச் சித்திரை வெயிலில் கொண்டுபோய்ப் பறக்கவிட்டால் அடிவானம் மெல்லச் சாயும். பறக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் மின்சாரம் கொடுத்து வைத்துவிட்டு, அங்கேயே திருத்தம் செய்யுங்கள். மின்சாரம் கொடுத்த முதல் சில நொடி டிரோனைத் தொடக்கூடாது. தகட்டுக்குப் பதில் 3டி பிரின்ட் செய்த மவுன்ட் போட்டால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரி வாக்கிலேயே இளகும். வெயிலில் பூட்டிய காருக்குள் அது கோணிக்கொள்ளும். பிஇடிஜி வகைப் பிளாஸ்டிக் தாங்கும்.

சோதனையை மூன்று கட்டமாகச் செய்தால் குற்றவாளி தனியே சிக்கும். புரொப்பல்லர் இல்லாமல் டிரோன் மோட்டாரை ஓட்டிப் பதிவு செய்யுங்கள். அப்போதே படம் ஜெல்லி மாதிரி நெளிந்தால் தவறு டிரோன் மோட்டாரில். இல்லையென்றால் புரொப்பல்லரோடு அந்தரத்தில் நிறுத்திப் பாருங்கள். இப்போது நெளிந்தால் புரொப்பல்லர் பேலன்ஸ். காந்த பேலன்சரில் மாட்டி, மேலே போகிற இலையின் முதுகில் செலோடேப் துண்டு ஒட்டிச் சரிசெய்யலாம். இரண்டும் சுத்தம், வேகமாகப் போகும்போது மட்டும் நெளிகிறது என்றால் ரப்பர். நண்பகல் வெயிலில் ஷட்டர் வேகம் ஏறுவதால் சின்ன அதிர்வும் கூர்மையாகப் பதியும், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டால் தணியும். ஃபில்டர் போட்டபின் பேலன்ஸ் மறுபடி பார்க்க வேண்டும். காலை ஆறு, ஆறரைக்குப் போய்விடுங்கள், கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் எது காற்று எது கிம்பல் என்று பிரிக்க முடியாது.

இரண்டு அச்சுக் கிம்பல் இடவலத் திருப்பத்தைச் சரிசெய்யாது. டிரோனின் வால் ஆட்டம் அப்படியே படத்தில் தெரியும். ரிமோட்டில் திருப்பத்துக்கு எக்ஸ்போ (குச்சியின் நடுப்பகுதியை மந்தமாக்கும் செட்டிங்) வைத்து மென்மையாக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். நீண்ட வளைவில் அடிவானம் சற்றுச் சாய்வதும் இந்தப் போர்டுகளின் குணம்.

எடைக்கும் விலை உண்டு. 1,200 கிராம் டிரோனில் கேமராவும் கிம்பலுமாக 250 கிராம் ஏறினால், அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். 12 நிமிடம் பறந்தது 9 நிமிடத்தில் இறங்கிவிடும். 1,450 கிராம் என்பது 2021 டிரோன் விதிகளின்படி மைக்ரோ வகை, பதிவு எண் கட்டாயம். வணிகமில்லாத பொழுதுபோக்குக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மீனம்பாக்கம் விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடாது. பல்லாவரமும் நங்கநல்லூரும் குரோம்பேட்டையும் அதற்குள்தான். 8 முதல் 12 கி.மீ. வரை அனுமதியின்றி 200 அடிக்குமேல் கூடாது. எங்கே போனாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலுள்ள டிரோன் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோப்ரோ ஹீரோ 3, 4 அல்லது அதே அளவுக் கேமரா இருந்தால் வாங்குங்கள். ஹீரோ 9 போன்ற 158 கிராம் கேமரா தட்டிலேயே உட்காராது, அதற்காக இதை வாங்க வேண்டாம். கேமராவிலேயே ஸ்டெபிலைசேஷன் இருந்தால் கிம்பலில் மாட்டும்போது அதை அணைத்துவிடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதும். கடற்கரைப் பக்கம் பறந்துவிட்டு வந்தால் அன்றைக்கே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மோட்டாரையும் ஸ்க்ரூவையும் துடையுங்கள். உப்பு முதலில் பிடிப்பது பேரிங்கைத்தான், வாங்கும்போது விரலுக்குப் பட்ட அந்த மணல் உணர்வு அப்படித்தான் வருகிறது.