சுவர் நிறையும் படம்: பசைத் தாளா, வினைல் ஸ்டிக்கரா?

வரவேற்பறைச் சுவர் முழுவதையும் காடாகவோ கடலாகவோ மாற்றும் படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு பலர் தடுமாறுவது, பசை தடவி ஒட்டும் வால்பேப்பரை வாங்குவதா, பின்தாளை உரித்து ஒட்டும் வினைல் ஸ்டிக்கரை வாங்குவதா என்பதில்தான்.

செலவு: பசைத் தாளுக்குப் பசை, உருளை, பெரும்பாலும் ஆள்கூலியும் சேரும். ஸ்டிக்கருக்கு அவை இல்லை.

எளிமை: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எட்டடி ஸ்டிக்கர் பட்டையின் பின்தாளை ஒரேயடியாக உரித்தால் அது தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து ஒரு சாண் உரித்து, துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவியபடியே இறங்க வேண்டும். சுவரில் பசை தடவி ஒட்டும் தாளோ, ஈரம் காயும் வரை நகர்ந்து கொடுப்பதால், ஒரு பட்டையில் பாதியாக நிற்கும் இலையை அடுத்த பட்டையின் பாதியோடு பொருத்த அவகாசம் தருகிறது. எதுவானாலும் முதல் பட்டைக்குத் தூக்குக்குண்டு பிடித்துக் கோடு போடுங்கள். அறையின் மூலை நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

நீடித்து உழைப்பது: சொரசொரப்பான சுவரிலும் தூள் உதிரும் சுண்ணாம்புச் சுவரிலும் ஸ்டிக்கரின் ஓரம் விரைவில் எழும்பும். ஓதம் ஏறும் சுவரில் வினைல் ஈரத்தை உள்ளேயே அடைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். அங்கே இரண்டுமே வேண்டாம், முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள்.

வாடகை வீட்டுக்கும் சிறிய சுவருக்கும் ஸ்டிக்கர் போதும். சொந்த வீட்டின் பெரிய சுவருக்கு, கூலி கொடுத்தாவது பசைத் தாளையே ஒட்டுவேன்.