மாத்தேரானா, அலிபாகா?

மே மாதம் ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காத மும்பைத் தமிழர்களுக்கு, பக்கத்திலேயே இரண்டு இடங்கள் உண்டு.

மாத்தேரான் மலை ஊர், சுமார் 800 மீட்டர் உயரம். நேரல் வரை லோக்கல் ரயில், அப்புறம் 1907-இல் தொடங்கிய குட்டி ரயில். அதில் இடம் இல்லையென்றால் ஷேர் டாக்சியில் தஸ்தூரி நாக்கா. அதற்கு மேல் காருக்கும் பைக்குக்கும் அனுமதி இல்லை. நடக்கலாம், குதிரையில் போகலாம், அல்லது பக்கத்து அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து ஷட்டில் ரயில். ஹாரன் சத்தமே இல்லாத தெருவில் பிள்ளைகளை ஓடவிட்டு நிம்மதியாக நடக்கலாம். செம்மண் புழுதி மட்டும் செருப்பு முதல் சட்டை வரை அப்பிக்கொள்ளும். வெள்ளை உடுப்பு வேண்டவே வேண்டாம். கையில் சிப்ஸ் பாக்கெட் இருந்தால் குரங்கு விடாது.

அலிபாக் கடற்கரை ஊர். அங்கே போகும் வழிதான் அழகு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வா படகுத்துறைக்குப் படகில் ஒரு மணி நேரம் போல, பிறகு பஸ். கடல் வற்றியிருந்தால் அலிபாக் கடலுக்குள் இருக்கும் கொலாபா கோட்டைக்கு நடந்தே போகலாம். ஆனால் மே மாத மத்தியான வெயிலில் அந்த மணலில் கால் வைக்க முடியாது.

முட்டிவலிப் பாட்டி கூட வந்தால் சரி, அலிபாக். இல்லையென்றால் என் ஓட்டு மலைக்குத்தான். எதுவானாலும் ஜூன் மழைக்கு முன் கிளம்புங்கள். மழைக்காலத்தில் கேட்வே படகும் நேரல் குட்டி ரயிலும் நின்றுவிடும்.