கம்ப்ரஷன் கேஜா, லீக்டவுன் டெஸ்டரா?

இழுவை குறைந்த வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனால் முதலில் காதில் விழுவது, "ரிங் போயிருக்கும் சார், இன்ஜினை இறக்கிடலாம்" என்பதுதான். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருந்து காற்றை அடைக்கும் வளையம். இறக்குவதற்கு முன் சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு: கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்டவுன் டெஸ்ட். என்னுடைய பழைய மூன்று சிலிண்டர் பெட்ரோல் காரில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, காசு போட்டு வாங்கி வைத்தது லீக்டவுன் டெஸ்டரை. ஆகவே தராசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

கம்ப்ரஷன் டெஸ்ட் பலருக்கும் தெரிந்ததுதான். ப்ளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, அழுத்தம் காட்டும் கேஜை ப்ளக் ஓட்டையில் முறுக்கி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரை அடிக்க வேண்டும். ஐந்தாறு சுற்று போதும். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை காட்டும். சிலிண்டர்களுக்குள் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்படலாம். கேஜ் விலை குறைவு, கம்ப்ரசரும் தேவையில்லை.

ஆனால் பேட்டரி சோர்ந்திருந்தால் எல்லா அளவும் இறங்கும். பிஸ்டன் தலையில் கரி படிந்திருந்தால் அளவு ஏறி, தேய்மானத்தை மறைக்கும். அதைவிடப் பெரிய குறை, எந்தச் சிலிண்டர் பலவீனம் என்று சொல்லுமே தவிர, காற்று எந்த வழியாகப் போகிறது என்று சொல்லாது. ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பார்ப்பார்கள்: அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்), ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு). என் காரில் நடு சிலிண்டரில் ஆயில் ஊற்றியபோது முள் கொஞ்சமாக ஏறி நின்றது. இதை வைத்து ரிங் என்றும் சொல்லலாம், வால்வு என்றும் சொல்லலாம்.

லீக்டவுனில் இன்ஜின் சுற்றுவதில்லை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, வெளியிலிருந்து காற்றை ஏற்ற வேண்டும். உள்ளே போகும் அழுத்தத்தை ஒரு கேஜும், சிலிண்டரில் நிற்பதை இன்னொரு கேஜும் காட்டும். 100 கொடுத்து 90 நின்றால் 10 சதவீதக் கசிவு. அது நல்ல இன்ஜின். 20 வரை ஓட்டலாம். 30 தாண்டினால் வேலை இருக்கிறது. இரண்டு கேஜுக்கும் நடுவே இருக்கும் நுண்துளையின் அளவைப் பொறுத்து டெஸ்டருக்கு டெஸ்டர் எண் மாறும் என்பதால், அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். சிறிய பிஸ்டன் இன்ஜின் விமானங்களிலும் 80 பிஎஸ்ஐ காற்றை ஏற்றி இதே முறையில்தான் சிலிண்டர்களைச் சோதிக்கிறார்கள்.

எனக்கு முடிவைத் தந்தது எண் அல்ல, காது. காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். பக்கத்துச் சிலிண்டரின் ப்ளக் ஓட்டையில் காற்று வந்தால் இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் கேட்பது ரிங் வழியாக இறங்கும் காற்று. இந்தக் கடைசி இடத்தில் லேசான சீறல் எந்த இன்ஜினிலும் இருக்கும், அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வால்வு பக்கம் தெளிவாகச் சீறுவதுதான் கவலைக்குரியது. அப்போதும் முதலில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) பாருங்கள். இறுகிய டேப்பெட் வால்வை மூடவே விடாது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், செலவு இங்கேதான் பிரிகிறது. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வு உட்காரும் சீட்டைப் பார்த்து, இரண்டையும் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்து, புது கேஸ்கெட் போட்டு மூடலாம். ரிங் என்றால் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பையும் இறக்கி, பிஸ்டனை வெளியே எடுத்து, போரை அளக்க வேண்டும். போர் தேய்ந்திருந்தால் லேத்துக்குப் போய் துளையைப் பெரிதாக்கும் ரீபோர், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் என்று பில் நீளும். என் காரில் சீறல் சைலன்சரில் கேட்டது, டேப்பெட் சரியாக இருந்தது. ஹெட் வேலையோடு முடிந்தது.

தொல்லைகளும் உண்டு. பிஸ்டன் உச்சியிலிருந்து சற்றே விலகினாலும் காற்று பிஸ்டனைத் தள்ளி, இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கைச் சுற்றிவிடும். டாப் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். கிராங்க் போல்ட்டில் ராட்செட்டை மாட்டியபடி விட்டால் கை முறியலாம். வால்வு திறந்து மூடும் டைமிங் தப்பியிருந்தாலோ, வால்வைத் திறக்கும் கேம் தேய்ந்து வால்வு சரியாகத் திறக்காவிட்டாலோ லீக்டவுன் "நலம்" என்றே சொல்லும். அதைக் காட்டிக்கொடுப்பது கம்ப்ரஷன் கேஜ்தான். பழைய கார் வாங்கப் போகும் இடத்தில் கம்ப்ரசருக்கு எங்கே போவது? அங்கேயும் கேஜ்தான்.

டீசலில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. அங்கே கம்ப்ரஷன் 350, 400 பிஎஸ்ஐ என்று போகும் என்பதால் பெட்ரோல் கேஜை மாட்டிவிடாதீர்கள்.