பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

2013-ல் வாங்கிய லேப்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இரண்டும் இதில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று அறிவித்திருந்தார்கள். "இதுல இனிமே எதுவும் ஏறாது சார், எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க" என்றார் சர்வீஸ் கடைக்காரர். சரி, பார்த்துவிடலாம் என்று கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டிலேயே, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ்ஸை (இயங்குதளம்), பழைய மெஷினுக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பில் போட்டேன். இன்றுவரை தினமும் அதில்தான் வேலை.

போடும்போது வந்த தகராறுகளில் பாதிக்கு மேல் சாஃப்ட்வேரால் வந்தவையே அல்ல. பென்டிரைவிலிருந்து பூட் ஆனது. ஆனால் அப்டேட் கொடுத்தால், ரெப்பாசிட்டரி (மென்பொருள்கள் இறங்கும் சர்வர்) கோப்பு "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று பிழை. ஃபயர்ஃபாக்ஸில் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்ற எச்சரிக்கை. மிர்ரரை, அதாவது இறக்கும் சர்வரை, மாற்றினாலும் அதே கதை. கடைசியில் பார்த்தால் மூலையில் தேதி பல வருடம் பின்னால் நிற்கிறது! மதர்போர்டில் கடிகாரத்தை ஓட வைக்கும் சிமாஸ் செல் (சின்ன பேட்டரி) செத்துப்போனால், பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கெல்லாம் தொடக்கத் தேதி உண்டு. அதற்கு முந்தைய தேதியில் நிற்கும் மெஷின் அவற்றை ஏற்காது. லாரன்ஸ் ரோட்டில் ஒரு வாட்ச் கடையில் சிஆர்2032 செல் வாங்கிப் போட்டு, தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் இறங்கத் தொடங்கியது. விண்டோஸிலும் இதே செல் இதே தொல்லையைத்தான் கொடுக்கும்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். கோப்புகளை நகலெடுக்கும்போது இன்ஸ்டாலர் பாதியில் நின்றது. மின்டிலேயே இருக்கும் 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் விவரம் (டிஸ்க்கின் உடல்நிலை அறிக்கை) பார்த்தேன்; கெட்ட செக்டர்கள். அதை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சாட்டா எஸ்எஸ்டி மாற்றினேன். இந்தப் பழைய மெஷினுக்குச் செய்த செலவிலேயே உருப்படியானது இதுதான். இதைச் செய்யாமல் எந்த ஓஎஸ் போட்டாலும் எரிச்சல்தான் மிஞ்சும்.

பிராட்காம் வைஃபை முதலில் தெரியவே இல்லை. போனை யுஎஸ்பியில் செருகி, டெதரிங் மூலம் போனின் இணையத்தைக் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கியதும் வேலை செய்தது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த சமயம், அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போனது. பாட்டரி தாங்காததால் மெஷினும் அணைந்தது. அப்புறம் எதை நிறுவப் போனாலும் டீபேக்கேஜ் (dpkg, மென்பொருளை நிறுவும் கருவி) தடைபட்டது என்ற பிழை. அந்தச் செய்தியிலேயே தீர்வுக்கான கட்டளையும் இருந்தது. அதைத் தட்டியதும் மிச்ச வேலையை அதுவே முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு டைம்ஷிஃப்ட் செயலியில் ஸ்னாப்ஷாட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் நகல்) எடுக்காமல் பெரிய அப்டேட்டைத் தொடுவதில்லை. கடலோரத்தில் மழைக்காலம் என்றால் இது அவசியம்.

தமிழ்99 விசைப்பலகை நன்றாகவே ஓடுகிறது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள், அந்த எழுத்துருவைச் சேர்க்கும்வரை 'jkpo;' மாதிரி குப்பையாகத் தெரியும்; சேர்த்தபின் லிப்ரே ஆபிஸில் திறக்கின்றன, வரி உடைப்பு மட்டும் சில இடங்களில் தள்ளிப்போகிறது. 4 ஜிபி ராமில் டேப்களை அடுக்கினால் திணறும். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் இதில் நேரடியாக ஓடாது. கணக்கு வேலையே பிரதானம் என்பவர்களுக்கு நான் மின்டைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் அதற்கு ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப் தனியாகத்தான் இருக்கிறது.