பவானி கூடுதுறை திதிக்கு ஆன்லைனில் 9,750 ரூபாய் கட்டி ஏமாந்த கதை

முந்தாநாள் ஆடி அமாவாசை. இன்னும் கோபம் தணியவில்லை, எழுதுவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பவானி கூடுதுறையில் அப்பாவுக்குத் திதி கொடுக்க ஒரு பூஜை புக்கிங் ஆப்பில் 9,750 ரூபாய் கட்டினேன். ஐயரும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஆப் பெயரை இப்போது போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். ஊர் ஊராகக் கோபுரப் படம் போட்டு, வீட்டிலிருந்தே பரிகாரம் புக் பண்ணலாம் என்று விளம்பரம் வருமே, அந்த ரகம்.

கூடுதுறை எங்களுக்குப் புதிய இடம் இல்லை. காவிரியும் பவானியும் சேரும் இடம், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாக ஐதீகம், கரையிலேயே சங்கமேஸ்வரர் கோயில். அப்பா வருடம் தவறாமல் எங்களை அழைத்துப் போவார். வேதநாயகி அம்மன் சன்னதிக்குப் போனால் சுவரில் இருக்கும் மூன்று துளைகளை மறக்காமல் காட்டுவார். வெள்ளைக்கார கலெக்டர் வில்லியம் கேரோ வெளியே நின்று அம்மனைப் பார்ப்பதற்காகப் போட்டவை அவை. ராத்திரி ஒரு சின்னப் பெண் வந்து அவரை எழுப்பி வெளியே கூட்டிவர, பின்னாலேயே பங்களா இடிந்து விழுந்ததாம். வந்தது அம்மன்தான் என்று நம்பி, 1804ல் அவர் காணிக்கையாகக் கொடுத்த யானைத்தந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது. அப்பா ஒவ்வொரு முறையும் இந்தக் கதையைப் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார்.

அப்படிப்பட்ட ஊருக்குப் போய் ஆன்லைனில் எதற்குப் புக் பண்ணினாய் என்று சித்தப்பா திட்டினார். நியாயம்தான். ஆனால் ஆடி அமாவாசைக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஐயரைத் தேடி அலைய முடியாது. "ஐயர் கோபுரத்துக்கு எதிரே வந்து அழைத்துப் போவார், பூஜைச் சாமான், அபிஷேகம், பிரசாதம் எல்லாம் சேர்த்து" என்று போட்டிருந்தார்கள். 9,750 ரூபாய் அதிகம் என்று தோன்றியது. அம்மா அலைய வேண்டாமே என்று கட்டினேன்.

உண்மையில் நான் விழுந்தது அந்த விளம்பரத்தில் இல்லை, அதற்கப்புறம் வந்த வீடியோ காலில்தான். பெரியவர் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு, பின்னால் ஏதோ கோயில் மண்டபம். அப்பா பெயர், நட்சத்திரம், தாத்தா பெயர், பாட்டி பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினார். "கவலைப்படாதீங்கம்மா, உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு எங்கையால பண்றேன்" என்றார். அம்மா போனைப் பார்த்துக் கும்பிட்டாள், கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகப்பட மனம் வரவில்லை. கோத்திரம் கேட்டபோது அம்மா எங்கள் கூட்டத்தின், அதாவது குலப் பிரிவின், பெயரைச் சொன்னாள். "அப்படின்னா?" என்று கேட்டார் அந்த மனிதர். கொங்கு நாட்டில், அதுவும் பவானியில் உட்கார்ந்து திதி கொடுத்து வைக்கிறவருக்குக் கூட்டம் என்றால் என்னவென்று தெரியாதா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விடியற்காலை 4 மணிக்குத் திருப்பூரிலிருந்து கிளம்பினோம். மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீர் திறந்திருந்தார்கள். காவிரி செம்மண் நிறத்தில் படிகளை மூடி ஓடியது. ஆற்றில் இறங்கத் தடை, போலீஸ் தடுப்பு, குளிக்க ஷவர். கோபுரத்துக்கு எதிரே 6 மணிக்கு நின்றோம். ஐயர் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆப்பில் கூப்பிட்டால், "கிளம்பிட்டார் சார், பத்து நிமிஷம்". பத்து நிமிஷம் பத்து நிமிஷம் என்றே 8.30 ஆனது. அம்மா ஒரு கடைத் திண்ணையில் எள்ளும் வாழைக்காயும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அந்தக் கடைக்காரரே கேட்டார்: "ஏனுங்க, யாருக்குக் காத்திருக்கீங்க?" விஷயத்தைச் சொன்னேன். "இந்த வருசம் நீங்க மூணாவது ஆளுங்க" என்றார். அவரே உள்ளே கூட்டிப்போய் மண்டபத்தில் இருந்த ஐயர் ஒருவரிடம் விட்டார். முக்கால் மணி நேரத்தில் திதி முடிந்தது. சாமான், தட்சணை எல்லாம் சேர்த்து 700 ரூபாய்.

இனிமேல்தான் கூத்து. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் முதல் பதில்: வெள்ளத்தால் சேவை தர முடியவில்லை, இயற்கைச் சீற்றத்துக்குப் பணம் திருப்பும் விதி இல்லை. சரி, வெள்ளத்தில்தானே நாங்கள் 700 ரூபாய்க்குத் திதி கொடுத்தோம் என்று போட்டோ அனுப்பினேன். பதில் இல்லை. சாயங்காலம் ஆப்பில் "பூஜை நிறைவுற்றது" என்று வந்து நிற்கிறது! கூடவே 40 விநாடி வீடியோ. யாரோ ஒரு குடும்பம் ஆற்றுப் படியில் உட்கார்ந்து தர்ப்பணம் கொடுக்கிறது. தண்ணீர் கீழே நாலு படி தள்ளி, தெளிவாக, அமைதியாக ஓடுகிறது. அன்றைக்குக் கூடுதுறையில் படியே தெரியவில்லையே! அதில் சொல்லப்படும் பெயரும் எங்கள் அப்பா பெயர் இல்லை. காலையில் நடத்த முடியாமல் போன பூஜை சாயங்காலம் எப்படி நிறைவுற்றது என்று கேட்டால், "உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம், 48 மணி நேரம் காத்திருக்கவும்". மறுபடி கேட்டால் மறுபடி அதே வரி. போன் செய்தால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, பக்திப் பாட்டு வேறு. 9,750 ரூபாய் சார், சும்மா இல்லை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். அபிஷேகம், அர்ச்சனை என்றால் கோயில் அலுவலகத்திலோ அறநிலையத்துறையின் இணையதளத்திலோ கேளுங்கள். வீடியோ காலில் விபூதியைப் பார்த்து மயங்காதீர்கள். சாட், வீடியோ, ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்னுடைய ஆப்பில் முதல் நாள் சாட்டைக் காணோம், நல்லவேளை தங்கை எடுத்து வைத்திருந்தாள். பணம் போனதும் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டுக்கும் பேசிவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது.

அந்த 48 மணி நேரம் இன்று சாயங்காலத்தோடு முடிகிறது. பணம் வந்தால் இங்கேயே கமெண்டில் போடுகிறேன். பவானியில் வேறு யாராவது இதே வீடியோவை வாங்கியிருந்தால் சொல்லுங்கள், பச்சைக்கரை வேட்டி கட்டிய ஒருவரும் பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பும் அதில் இருக்கும்.