பராமரிப்பவரே கணக்கும் பார்ப்பது: ஒரு வீட்டுப் பராமரிப்புச் சேவையோடு ஓராண்டு

என் பெரியப்பாவுக்கு அல்சைமர் நோய் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கவனித்துக்கொள்வதோடு மாதாந்தரக் கட்டணங்களையும் கைச்செலவுகளையும் சேர்த்தே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தின் சேவையை ஓராண்டு பயன்படுத்தினோம். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே முறையில் இயங்கும் நிறுவனங்கள் பல இருப்பதால், நான் எடைபோட விரும்புவது அந்த ஏற்பாட்டைத்தான்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, தொடக்கம் மோசமாக இருந்தது. முதல் மாதத்திலேயே மூன்று பேரை மாற்றி மாற்றி அனுப்பினார்கள். மறதிநோய் உள்ளவருக்குப் புதுமுகம் ஒவ்வொன்றும் ஒரு கலவரம் என்பதை இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியிருந்தது. நான்காவதாக வந்த பெண்மணி நிலைத்த பிறகுதான் பெரியப்பா குளிக்கவே சம்மதித்தார். மாலை நேரங்களில் இந்நோயாளிகள் பலருக்குக் கலக்கம் கூடும். பெரியப்பாவும் பொழுது சாயும்போது, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று நாங்கள் வாதாடி அவரை மேலும் பதற வைப்போம். அந்தப் பெண்மணியோ, "வாங்கய்யா, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்று உடன் கிளம்பித் தெருமுனை வரை நடந்து, பேச்சோடு பேச்சாக வீட்டுக்குத் திருப்பி அழைத்து வந்துவிடுவார்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது தினசரிக் குறிப்பேடு. உணவு, தூக்கம், குடித்த தண்ணீர், மலசலம், மாத்திரை கொடுத்த நேரம் என எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒருமுறை இரண்டே நாள்களில் பெரியப்பா எங்களை அடையாளம் காணாத நிலைக்குப் போனபோது, நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டி, தண்ணீர் குறைந்திருப்பதையும் அடிக்கடி சிறுநீர் கழித்திருப்பதையும் பார்த்துவிட்டுச் சிறுநீர்த் தொற்றுக்குப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதுவேதான். அல்சைமர் பொதுவாக மாதக்கணக்கில் மெல்ல மோசமாகும் நோய். ஓரிரு நாள்களில் நிலை சரிந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்துகொண்டோம்.

இனி பணம். கணக்கு வழக்கில் தடுமாற்றம் இந்நோயில் வெகு முன்னதாகவே தலைகாட்டும். ஒரே மின்கட்டணத்தைப் பெரியப்பா மூன்று முறை கட்டியிருந்ததும், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி காசோலைகளைத் திருப்பியதும், நோய் பெயர் பெறுவதற்கு முன்பே நடந்தவை. அதனால்தான் கட்டணங்களை நிறுவனமே கட்டிவிடும் என்றபோது நிம்மதி அடைந்தோம். இணைய வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டார்கள், கொடுத்தோம், ஓ.டி.பி. வரும் கைபேசியும் பராமரிப்பாளரிடமே இருந்தது. கடவுச்சொல்லை நாமே பிறருக்குச் சொல்லிவிட்டால், இழப்பு நேரும்போது வங்கி பெரும்பாலும் பொறுப்பேற்காது. இதில் எங்கள் தவறும் பாதி. மாத இறுதியில் வந்த ஒற்றைத் தாள் கணக்கில் "இதர செலவுகள்" என்ற வரிதான் ஒவ்வொரு மாதமும் வளர்ந்துகொண்டு போனது. ரசீது கேட்டால் அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார்கள்.

ஆனால், இந்த ஏற்பாட்டின் உண்மையான கேடு வேறு வடிவில் வந்தது. தன் பொருளை யாரோ திருடுகிறார்கள் என்று நம்புவது இந்நோயில் அடிக்கடி காணப்படும் அறிகுறி. பெரியப்பா பணத்தை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு, பராமரிப்பாளர் எடுத்துக்கொண்டதாகக் கூச்சலிட்டார். அந்தப் பெண்மணி பணத்தையே தொடாதவராக இருந்திருந்தால், அது நோயின் பேச்சு என்று உடனே தள்ளியிருப்போம். கைச்செலவுப் பணம் அவரிடமே இருந்ததால் எங்களால் அப்படித் தள்ள முடியவில்லை. இரண்டு நாள் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தோம். மூன்றாம் நாள் பணம் தலையணை உறைக்குள் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டோம், அவர் கேட்டது ஒன்றுதான்: "இனிமே காசு எங்கிட்டக் குடுக்காதீங்க."

அதன்பின் கணக்குச் சேவையை நிறுத்திவிட்டு, பராமரிப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். கடவுச்சொல்லை மாற்றினோம். கட்டணங்கள் கணக்கிலிருந்து தானாகவே கழிகின்றன. வீட்டுச் செலவுக்குத் தனியாக ஒரு சிறு கணக்கு. அதற்கு மாதம் ஒரு வரம்புக்குட்பட்ட தொகை மட்டுமே போகும். நான் செலவு செய்கிறேன், என் அத்தை மகன் ரசீதுகளோடு சரிபார்க்கிறான். பெரியப்பாவின் சட்டைப்பையில் மட்டும் எப்போதும் சில நோட்டுகள் இருக்கும். அவற்றை யாரும் எண்ணுவதில்லை.

ஒப்பந்தத்தில் என்னைப் "பொறுப்பாளர்" என்று கையெழுத்திடச் சொன்னார்களே தவிர, பெரியப்பாவின் பணத்தைக் கையாள எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பல நாடுகளில், தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் அறிவுத் தெளிவை இழந்ததும் செல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகும் நீடிக்கும் தனிவகைப் பத்திரம் சில நாடுகளில் உண்டு. மற்ற இடங்களில் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டிவரும். எந்தப் பத்திரமானாலும் அவருக்குப் புரிந்து கையெழுத்திடும் தெளிவு இருக்கும்போதே முடிக்க வேண்டியது. நாங்கள் தாமதித்துவிட்டு, இப்போது வழக்கறிஞரிடம் அலைகிறோம்.

பராமரிப்புக்காக இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், கணக்குக்காக ஒருபோதும் மாட்டேன். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, வழக்கமானவர் விடுப்பில் போகும் நாளில் மாற்றாக வருபவரை முன்கூட்டியே ஒருநாள் வீட்டுக்கு அழைத்துவந்து பழக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தோம். ஒப்புக்கொண்டார்கள், இதுவரை ஒருமுறைகூடச் செய்யவில்லை.