90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லும் சேவையை நம்பி அசந்துவிடாதீர்கள்

ஓர் ஆன்லைன் சேவையிடம் நான் பட்ட பாட்டை விவரமாக எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே போக்கில் நடக்கும் சேவைகள் வேறு பலவும் உண்டு. பெயரைத் தெரிந்துகொண்டு அந்த ஒன்றை மட்டும் ஒதுக்குவதைவிட, அடையாளங்களைத் தெரிந்துகொண்டால் எல்லாவற்றிலிருந்தும் தப்பிக்கலாம்.

மெயிலும் கோப்புச் சேமிப்பும் சேர்ந்த கட்டணச் சேவை அது. என் தொழில் ஒப்பந்தங்கள், பில்கள், அடையாள ஆவணங்களின் நகல்கள் எல்லாம் அதில் இருந்தன. 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடாது. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று கட்டாயம். இவ்வளவு கறாராக இருக்கிறவர்கள் பாதுகாப்பிலும் கறாராகத்தான் இருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றும். அந்த எண்ணத்தைத்தான் முதலில் கைவிடச் சொல்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "பணம் கட்டவேண்டிய பேங்க் கணக்கை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். நான் எதையும் மாற்றவில்லை. ஆனால் என் முகவரியிலிருந்தே அவருக்கு அப்படி ஒரு மெயில் போயிருந்தது. பழைய பில்லின் எண், நான் வழக்கமாக எழுதும் தோரணை, கீழே என் கையொப்பம் எல்லாம் அப்படியே இருந்தன. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதால் தப்பித்தோம். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

உடனே கணக்குக்குள் போய், எந்தெந்தச் சாதனங்களில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்தேன். அதில் எனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அது உள்ளே நுழைந்த தேதியைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு, கெடு வந்து, நான் ஒழுங்காகப் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறேன். மாற்றிய பிறகும் அந்த ஆள் உள்ளேயே இருந்து என் மெயில்களைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எப்படி என்று பலருக்கும் புரிவதில்லை. பாஸ்வேர்டு வாசலில் கேட்கப்படும் ஒன்று, அவ்வளவுதான். ஒருமுறை சரியாகக் கொடுத்துவிட்டால், சேவை உங்கள் பிரவுசருக்கோ ஆப்புக்கோ ஓர் அனுமதிக் குறியைக் கொடுத்துவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டைக் கேட்காமல் அந்தக் குறியைத்தான் சரிபார்க்கும். பாஸ்வேர்டு மாறும்போது ஏற்கெனவே கொடுத்த குறிகளை எல்லாம் ரத்து செய்வது சேவையின் வேலை. நல்ல சேவைகள் தாமாகவே செய்துவிடும், அல்லது 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று' என்று கேட்கும். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 90 நாளுக்கு ஒருமுறை என்னை வாசலில் நிறுத்திச் சோதித்தவர்கள், உள்ளே இருந்தவனை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன், இது அதைவிட மோசம். மெயில் அமைப்புகளுக்குள் நான் போடாத ஒரு விதி இருந்தது. 'பில்', 'கட்டணம்' போன்ற சொற்கள் வரும் மெயில்கள் எல்லாம் வேறொரு முகவரிக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தன. அந்த வாடிக்கையாளரிடமிருந்து வரும் பதில்கள் என் இன்பாக்ஸில் விழாமல், நான் எட்டிப்பார்க்காத ஒரு ஃபோல்டருக்குப் போகும்படியும் செய்யப்பட்டிருந்தது. எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றினாலும் இந்த விதி அப்படியே உயிரோடு இருக்கும். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் மெயிலில் ஃபார்வர்டு, ஃபில்டர் இரண்டு பக்கங்களையும் திறந்து பாருங்கள்.

வாடிக்கையாளர் சேவையின் முதல் பதில்: "பாஸ்வேர்டை மாற்றுங்கள்." மாற்றியும் ஆள் வெளியே போகவில்லை என்று படங்களோடு விளக்கினேன். இரண்டாவது பதில்: "உங்கள் பக்கத்திலிருந்து கசிந்திருக்கும்." அந்தப் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளை உருவாக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஆப்) உருவாக்கிய நீளமான ஒன்று. வேறெந்தத் தளத்திலும் பயன்படுத்தியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. இதையும் எழுதினேன். பதிலே இல்லை.

அப்புறம் அவர்களின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' பக்கத்தைச் சோதித்துப் பார்த்தேன். புதிதாக வைத்துக்கொள்ள ஒரு லிங்க் வரவேண்டும். வந்தது என் பாஸ்வேர்டே. எழுத்துக்கு எழுத்து, மெயிலில்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன். ஒழுங்கான சேவை உங்கள் பாஸ்வேர்டை வைத்துக்கொள்வதே இல்லை. அதை ஒரு கணக்கீட்டில் போட்டு வரும் விளைவை மட்டும் சேமிக்கும், இதற்கு ஹேஷ் என்று பெயர். நீங்கள் லாகின் செய்யும்போது கொடுப்பதை மறுபடி அதே கணக்கீட்டில் போட்டு, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கும். விளைவிலிருந்து மூலத்தை நேரடியாகத் திருப்பி எடுக்க முடியாது. ஆகவே உங்கள் பழைய பாஸ்வேர்டையே ஒரு சேவை திருப்பி அனுப்புகிறது என்றால், அது அதை அப்படியேவோ, திரும்பப் படிக்கக்கூடிய வடிவிலோ வைத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே திருட்டு நடந்தால், நீங்கள் எத்தனை குறியீடு சேர்த்து எவ்வளவு நீளமாக வைத்தாலும் பயனில்லை. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் இப்படித்தான் மூடிமறைக்காத வடிவிலேயே போயின. அதற்குப் பிறகும் இப்படிச் செய்கிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் உண்மை எப்படி வந்தது தெரியுமா? சில மாதங்கள் கழித்து, 'எங்கள் விதிமுறைகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன' என்ற தலைப்பில் ஒரு மெயில். யாரும் கடைசிவரை படிக்காத வகை. அதன் அடியில் ஒரு வரி: சில பயனர்களின் லாகின் விவரங்களை வெளியார் அணுகியிருக்கலாம். அவர்கள் குறிப்பிட்டிருந்த காலம், என் கணக்கில் அந்த ஆள் நுழைந்ததற்குச் சற்று முன்னால். மன்னிப்பும் இல்லை, தனியாக ஓர் அறிவிப்பும் இல்லை.

கசிவு பற்றிய செய்தி தாமதமாக வருவது புதிதல்ல. யாஹூவில் 2013-இல் நடந்த திருட்டு 2016 டிசம்பரில்தான் வெளியே சொல்லப்பட்டது. அப்போது 100 கோடி கணக்குகள் என்றார்கள், 2017-இல் அது 300 கோடி, அதாவது அன்றிருந்த எல்லாக் கணக்குகளும் என்று திருத்தினார்கள். லிங்க்ட்இன் 2012-இல் கசிந்தபோது சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டு ஹேஷ்கள் என்று செய்தி வந்தது. நான்கு ஆண்டு கழித்து 11 கோடிக்கும் மேலானவை விற்பனைக்கு வந்தன.

சிலர் இதையே திருப்பிக் கேட்பார்கள்: இப்படி வருடக்கணக்கில் மறைக்கிறார்கள் என்றால், அடிக்கடி மாற்றுவதுதானே நல்லது? நியாயமான கேள்விதான். பழைய பாஸ்வேர்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இனிமேல்தான் முயலப்போகிறவனை அது தடுக்கும். ஆனால் திருடியவன் 90 நாள் காத்திருப்பதில்லை, கிடைத்தவுடன் நுழைந்து, என் கணக்கில் செய்ததுபோல் நிரந்தரமாக ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்கிறான். இன்னொரு பக்கம், கெடு வைத்து விரட்டினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் உள்ள 1-ஐ 2 ஆக்குவார்கள், மாதத்தின் பெயரை மாற்றுவார்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2010-இல் இதை ஆராய்ந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய கட்டாயம் இருந்த 7,700-க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்ததில், முந்தைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து முயற்சிக்குள் ஊகிக்க முடிந்தது.

அதனால்தான் இந்தக் கட்டாயத்தைத் துறையின் முக்கிய அமைப்புகளே கைவிட்டுவிட்டன. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட், காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று 2017-இலேயே வழிகாட்டியது. அதே அமைப்பின் 2003 வழிகாட்டியை எழுதிய பில் பர், தான் அன்று சொன்னதில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்கே சொன்னார். மைக்ரோசாஃப்ட் 2019-இல் விண்டோஸுக்கான தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து காலக்கெடுவை நீக்கியது. இத்தனைக்கும் பிறகு ஒரு சேவை 90 நாள் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையே தன் பாதுகாப்புக்குச் சான்றாகக் காட்டினால், சந்தேகப்படுங்கள்.

சரி, முக்கியமான பாஸ்வேர்டுகளை எப்போது மாற்றுவது? காலண்டரைப் பார்த்து அல்ல. கசிவு பற்றிய செய்தி காதில் விழுந்தால் அன்றே. தெரியாத லாகின் ஒன்றைப் பார்த்தால் அந்த நிமிடமே. போன் அல்லது லேப்டாப் தொலைந்தால், அடுத்தவர் கம்ப்யூட்டரில் டைப் செய்ய நேர்ந்தால், பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் வேலையை விட்டோ உறவை விட்டோ விலகினால், மாற்றிவிடுங்கள். ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடங்களில் வைத்திருந்தால் எந்தச் செய்திக்கும் காத்திருக்கவேண்டாம். கம்ப்யூட்டரில் வைரஸ் நுழைந்ததாகத் தெரிந்தால் மட்டும் ஒரு கவனம்: அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் அப்படியே போய்விடும், சுத்தமான வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற இலவசச் சேவையில் உங்கள் மெயில் முகவரியைப் பதிந்து வைத்தால், அது புதிய கசிவில் தென்படும்போது தகவல் வரும். என் அனுபவத்தில், சேவையை நம்பிக் காத்திருப்பதைவிட இது மேல்.

மாற்றும்போது மெயில் கணக்கிலிருந்து தொடங்குங்கள். பேங்க் முதல் மற்ற எல்லாவற்றின் 'மறந்துவிட்டேன்' லிங்க்கும் அங்கேதான் வந்து விழுகிறது. மாற்றிய கையோடு எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். ஃபார்வர்டு விதிகள், மீட்புக்காகக் கொடுத்த போன் எண், மாற்று மெயில், கணக்கோடு இணைந்த வெளி ஆப்கள் ஆகியவற்றைப் பாருங்கள். உள்ளே வந்தவன் தன் எண்ணை மீட்பு எண்ணாகப் போட்டு வைத்திருந்தால், நாளைக்கு அவனே உங்களை வெளியேற்றிவிடுவான். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, 30 விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆப் நல்லது. பாஸ்கீ வசதி (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் சாதனத்தின் கைரேகை, முகம் அல்லது பின் எண்ணால் நுழைவது) இருந்தால் அதைவிட நல்லது, போலித் தளத்தில் அது வேலை செய்யாது.

அலுவலகத்தில் 90 நாள் கட்டாயம் இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும் என்றால், ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு மேனேஜரையே புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்லுங்கள். பழையதன் வாலை மட்டும் மாற்றாதீர்கள்.

இந்தக் கெடுப் பழக்கத்தால் வரும் இன்னொரு ஆபத்து: 'உங்கள் பாஸ்வேர்டு இன்று காலாவதியாகிறது, இங்கே அழுத்துங்கள்' என்று வரும் போலி மெயில்கள். நிஜமான மெயில் ஆண்டுக்கு நான்கு முறை வந்து பழகிய கண்ணுக்குப் போலி தனியாகத் தெரியாது. அந்த லிங்க்கைத் தொடவேண்டாம். உண்மையா என்று பார்க்க, முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள்.

அந்தச் சேவையை விட்டு வந்துவிட்டேன். விலகும்போது கோப்புகளை இறக்கிக்கொண்டு, அடையாள ஆவணங்களையும் கார்டு விவரத்தையும் முதலில் அழித்து, குப்பை ஃபோல்டரையும் காலி செய்து, பிறகுதான் கணக்கை மூடச் சொன்னேன். அந்த முகவரியை வைத்துத் திறந்திருந்த மற்றக் கணக்குகளை எல்லாம் அதற்கு முன்பே புதிய மெயிலுக்கு மாற்றிவிட்டேன். மூடிய முகவரியைச் சில சேவைகள் பிற்பாடு வேறொருவருக்குக் கொடுத்துவிடும் என்பதால், இந்த வரிசையை மட்டும் மாற்றிச் செய்யாதீர்கள்.